கமராவைக் கண்டு ஓடாத நாய்: செல்லப்பிராணியைப் படமெடுக்கத் தயார்செய்வது எப்படி?

நாயைப் படமெடுக்க நாள் குறித்தாயிற்று என்றால் பெரும்பாலான வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது குளியல். புது ஷாம்பூ, புதுக் கழுத்துப் பட்டி எல்லாம் வாங்கி, காலையிலேயே தேய்த்துக் குளிப்பாட்டி, ஈரம் காயாத நாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்டூடியோவில் போய் இறங்குவார்கள். அங்கே முன்பின் தெரியாத ஒருவர் கறுப்புப் பெட்டி ஒன்றால் முகத்தை மறைத்துக்கொண்டு, நாயின் கண்ணுக்கு நேரே குனிந்து வருவார். நாய் மேசைக்குக் கீழே போய்விடும். பிறகு அரை மணித்தியாலம் கெஞ்சல்தான்.

குளியல் ஒரு மாலை வேலை. கமராவைப் பார்த்துப் பார்த்து நாய்க்கு அலுத்துப்போவதற்கு ஒரு வாரம் வேண்டும். அந்த அலுப்புதான் நல்ல படத்துக்கு முதல் தேவை. கொழும்பில் முதன்முறையாகத் தங்கள் நாயையோ பூனையையோ ஒழுங்காக ஒரு படம் எடுத்து வைக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுக்கப்போகிறவர் தொழில்காரராக இருந்தாலும் சரி, நல்ல போன் வைத்திருக்கும் உங்கள் மருமகனாக இருந்தாலும் சரி, வீட்டில் செய்ய வேண்டிய ஆயத்தம் ஒன்றுதான்.

நாளும் நேரமும்

கொழும்பில் வருடம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கு விடிந்து, மாலை ஆறு, ஆறரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில்தான் இருக்கிறோம் என்பதால் சூரியன் நேராக மேலே ஏறி, நேராகக் கீழே இறங்குகிறது. மென்மையான வெயில் காலையில் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம் கிடைத்தால் பெரிது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் வெயில் சரியாக உச்சந்தலையில் விழும். அந்த நேரத்தில் வெளியில் எடுத்தால் நாயின் கண் இரண்டும் குழிக்குள் இருண்டு, மூக்கின் மேல் மட்டும் வெளிச்சம் அடிக்கும்.

காலையா மாலையா என்று கேட்டால் நான் காலை என்பேன். பகல் முழுக்கக் காய்ந்த தார் வீதி மாலை ஐந்து மணிக்கும் சூடாகத்தான் இருக்கும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால் அது நாயின் பாதத்துக்கும் பொறுக்காது. காலை ஏழு மணிக்கு அந்தப் பிரச்சினையும் இல்லை, சனக்கூட்டமும் இல்லை.

மழையையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி இடிக்கும். இடிக்குப் பயந்த நாயை அந்த மாதங்களில் மாலை நேரத்துக்குப் பதியாதீர்கள். ஆனால் மழை பெய்யாமல் வானம் வெறுமனே மப்பாக இருந்தால் நாளைத் தள்ளிப்போட வேண்டாம். மப்பு வெளிச்சத்தில் ரோமத்தின் ஒவ்வொரு இழையும் தெரியும்.

சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, டிசம்பர் 31 ஆகியவற்றை ஒட்டி நாள் குறிக்காதீர்கள். வெடிச் சத்தத்தில் இரவெல்லாம் கட்டிலுக்கடியில் கிடந்த நாய்க்கு மறுநாள் கதவு தட்டினாலே தூக்கிவாரிப்போடும். போயா தினம் வசதிதான், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். ஆனால் அன்று இறைச்சிக் கடை பூட்டியிருக்கும், பரிசாகக் கொடுக்கும் கோழியை முதல் நாளே வாங்கி அவித்து வைக்க வேண்டும். தடுப்பூசி போட்ட மறுநாளும் வேண்டாம். சில நாய்கள் ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் சோர்ந்து படுத்துவிடும்.

எங்கே எடுப்பது

முதல் தடவை என்றால் வீட்டிலேயே எடுங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் சின்ன விறாந்தை கூடப் போதும். நேரடி வெயில் உள்ளே விழாத ஒரு பெரிய யன்னல், அதன் பக்கவாட்டில் நாய் உட்கார ஓர் இடம், பின்னால் ஒரே நிறத்தில் சுவரோ கட்டில் விரிப்போ. வேறெதுவும் தேவையில்லை. யன்னலால் வெயில் நேரே வந்தால் வெள்ளைத் திரைச்சீலையை இழுத்து விடுங்கள். கடலைப் பார்த்த வீடுகளில் பிற்பகல் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், அங்கே காலைதான் நல்லது. யன்னல் கம்பிகளையும் கவனியுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் நாயின் கண்மணிக்குள் அந்தக் கம்பிகள் வரிவரியாகத் தெரியும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குச் சிறைக்கூடம் மாதிரித் தோன்றும்.

டைல்ஸ் தரை இன்னொரு வில்லங்கம். கால் வழுக்கும் நாய் நிமிர்ந்து நிற்காது, முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும். வயதான நாய் என்றால் நிற்கவே மறுக்கும். றப்பர் அடியுள்ள கால்மிதியைப் போட்டு, அதன்மேல் துணியை விரியுங்கள்.

வெளியில் எடுக்க ஆசை என்றால் இடத்தின் அழகைவிட இரைச்சலை முதலில் பாருங்கள். காலிமுகத்திடல் படத்துக்கு நல்ல இடம். ஆனால் மாலையில் பட்டமும் பந்தும் இறால் வடை மணமும் கடற்காற்றும் சேர்ந்தால் எந்த நாயும் உங்கள் முகத்தைப் பார்க்காது. விடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போனால் திடல் உங்களுக்குத்தான். விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கம் போன்ற இடங்களுக்கு நாயையும் பெரிய கமராவையும் கொண்டு போவதானால் முதல் நாள் ஒருமுறை நேரில் போய் வாயிற்காவலரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். படமெடுக்கும் நேரத்தில் வாக்குவாதம் வந்தால் உங்கள் பதற்றம் கயிற்றின் வழியாக நாய்க்குப் போய்விடும். கடற்கரைக்கு அருகே என்றால் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் கடலோரமாகவே ஓடுவதால் ரயிலின் ஊதல் பக்கத்தில்தான் கேட்கும்.

தெருநாய்கள் இல்லாத இடம் கொழும்பில் அரிது. அவற்றின் எல்லைக்குள் நீங்கள் போகிறீர்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி நாளது தேதிக்குள் இருக்கட்டும். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறதா என்று மிருக வைத்தியரின் அட்டையைப் பாருங்கள். தேங்கிய மழைத் தண்ணீரை நக்கும் பழக்கமுள்ள நாய்க்கு அது மிக முக்கியம்.

அந்த ஒரு வாரம்

இதற்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது.

முதல் இரண்டு நாள் கமராவைக் கையில் தூக்கவே வேண்டாம். தரையில் வைத்து, பக்கத்தில் ஒரு துண்டுக் கோழி வையுங்கள். மணந்து பார்க்கட்டும், சாப்பிடட்டும், போகட்டும். வீட்டில் கமரா இல்லையென்றால் வெறும் பால்மா டின் ஒன்றுக்குக் கறுப்புக் கடதாசி சுற்றுங்கள். நாய்க்கு வேண்டியது விலை அட்டை அல்ல, வட்டமான ஒரு கறுப்புப் பொருள் மனித முகத்துக்கு முன்னால் வரும் அந்தக் காட்சி பழக வேண்டும். நாய்களின் வழக்கத்தில் கண்ணை எடுக்காமல் நேருக்கு நேர் முறைப்பது சண்டைக்கு அழைப்பு. பெரிய லென்ஸ் ஒன்று நேரே வந்தால் சில நாய்கள் தலையைத் திருப்பிக்கொள்வது அதனால்தான். அதைப் பிடிவாதம் என்று நினைத்து மோவாயைப் பிடித்துத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மூன்றாம் நாள் டின்னை முகத்துக்குத் தூக்குங்கள். இரண்டு விநாடி. இறக்குங்கள். துண்டு கொடுங்கள். மறுபடி. நாய் எழுந்து போகாமல் இருந்தால் ஐந்து விநாடி. நேரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டாக, முழங்காலில் இருந்துகொண்டு செய்யுங்கள், ஏனென்றால் படமெடுப்பவரும் அந்த உயரத்தில்தான் இருப்பார். நாலாம் நாள் ஓர் அடி கிட்டப் போங்கள். இப்படியே போனால் வார முடிவில், டின் மேலே போனாலே கோழி வரப்போகிறது என்று நாய் நிமிர்ந்து உட்காரும். கண்ணில் ஓர் எதிர்பார்ப்பு வரும். ஸ்டூடியோவில் நமக்கு வேண்டியது அதுதான்.

சத்தமும் வெளிச்சமும் தனியாகப் பழக்க வேண்டும். போனின் கமராச் சத்தத்தைக் குறைத்து வைத்து, நாய் சாப்பிடும்போது பக்கத்து அறையில் தட்டுங்கள். காது திரும்பாமல் தொடர்ந்து சாப்பிட்டால் மறுநாள் கொஞ்சம் கூட்டுங்கள். பிளாஷ் பாவிக்கப்போகிறார்கள் என்றால், போன் பிளாஷைச் சுவரைப் பார்த்து அடித்துக் காட்டுங்கள். ஸ்டூடியோவில் வெளிச்சத்துக்குக் குடை விரிப்பார்கள். படக் என்று குடை விரிகிற சத்தத்துக்கு வெருளும் நாய்கள் நிறைய. மழைக்குடையைத் தூரத்தில் வைத்து மெதுவாகப் பாதி விரித்து, துண்டு கொடுத்து, மடக்குங்கள்.

அடுத்தது இடம். ஒரு சின்னப் பாயோ துவாயோ எடுத்து, அதில் ஏறி இருந்தால் சாப்பாடு வரும் என்று பழக்குங்கள். அதே துவாயை, கழுவாமல், அன்று கூடவே கொண்டு போக வேண்டும். முன்பின் தெரியாத அறையில் தன் வீட்டு மணம் வீசும் ஒரு சதுர அடி நாய்க்குப் பெரிய ஆறுதல்.

சரி, இனி சத்தம் காட்டிக் கூப்பிடும் விஷயம். படமெடுக்கும்போது வீட்டார் எல்லாரும் சேர்ந்து "ரொனி, ரொனி, இங்க பார், ரொனி" என்று கத்துவது வழக்கம். பத்துத் தடவை கூப்பிட்டு ஒன்றும் கிடைக்காவிட்டால் பதினோராவது தடவை அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. பெயரைச் சேமித்து வையுங்கள். அந்த வாரத்தில் உங்கள் நாய் எந்தச் சத்தத்துக்குக் காதை நிமிர்த்துகிறது என்று கண்டுபிடியுங்கள். பிஸ்கட் பக்கெற் கசங்கும் சத்தம், சாவிக் கொத்து, கேற் கொளுக்கி, பொலித்தீன் பை, "வோக் போவமா". ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, பலவீனமானதை முதலிலும் பலமானதைக் கடைசியிலும் பாவியுங்கள். சத்தம் காட்டினால் கட்டாயம் ஒரு துண்டு கொடுக்க வேண்டும், ஏமாற்றினால் மூன்றாவது தடவை திரும்பாது.

இன்னொரு நுட்பம். கொழும்புச் சூட்டில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டேதான் இருக்கும். வாய் மூடிய, கம்பீரமான முகம் வேண்டுமென்றால் அது இதுவரை கேட்காத ஒரு சத்தத்தை மெதுவாக எழுப்புங்கள். உற்றுக் கேட்பதற்காக இரைப்பதை நிறுத்தி வாயை மூடும். ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு. படமெடுப்பவர் அதற்கு முன்பே விரலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

சாப்பாடு

அன்று காலைச் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்து, மீதியைக் கையில் வைத்திருங்கள். வயிறு நிறைந்த நாய் தூங்கும், ஓட்டோவில் சத்தியும் எடுக்கும். அதற்காகப் பட்டினி போட வேண்டாம். குட்டிகளுக்கும் மிகச் சிறிய இனங்களுக்கும் சாப்பாடு தவறினால் இரத்தத்தில் சீனி இறங்கிச் சோர்ந்துவிடும்.

பரிசுக்கு உப்பும் தூளும் போடாமல் அவித்த கோழி போதும். கடலை அளவுக்குக் கிள்ளிக்கொள்ளுங்கள். குழம்புச் சட்டியிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுப்பது சரிவராது, வெங்காயமும் உள்ளியும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. சொக்லேட், திராட்சை, முந்திரிகை வற்றல் எதுவும் கிட்ட வேண்டாம். மாரி பிஸ்கட் நம் வீட்டு நாய்களுக்குப் பிரியம்தான், ஆனால் அதன் தூள் மீசையிலும் உதட்டோரத்திலும் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்திலும் தெரியும். பிறகு கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு துகளாக அழிக்க வேண்டும்.

பயந்த நாய் என்பதற்காக வீட்டிலுள்ள தூக்க மருந்து, பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமை மாத்திரை மாதிரி எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. மிருக வைத்தியர் அளவு சொன்னால் மட்டும். பூனைக்குப் பனடோல் உயிருக்கே ஆபத்து.

குளியலும் அலங்காரமும்

ரோமம் வெட்டுவதானால் ஒரு வாரம் முன்பே வெட்டிவிடுங்கள். வெட்டியவுடன் கத்தரி போன தடம் தெரியும், சில நாளில் அது படிந்துவிடும். நகம் மூன்று நாலு நாள் முன்பு. குளியல் சடை நாய்க்கு இரண்டு நாள் முன்பு, குட்டை ரோமத்துக்கு முதல் நாள் மாலை. நம் ஊர்நாய்க்குச் சில வேளை ஈரத்துணியால் துடைத்தாலே பளபளக்கும், குளியலே தேவையில்லை.

பெரியவர்கள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் குளிப்பாட்டச் சொல்வார்கள். கறுப்பு நாய் என்றால் செய்யுங்கள். வெள்ளைப் பொமரேனியனுக்கு மஞ்சள் பூசினால் அது சாமிப் படத்துப் பிள்ளையார் நிறத்துக்கு வந்துவிடும், பல குளியலுக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் தடவினால் மினுங்கும் என்பதும் பாதி உண்மைதான். எண்ணெய் பட்ட ரோமம் கற்றை கற்றையாக ஒட்டி, வீட்டுத் தூசி முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணம், சாப்பிடாமல் சோர்ந்திருக்கும் நாய்க்கு முதலில் வைத்தியர், பிறகுதான் படம். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனையில் தடவாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். கண்ணோரத்துப் பீளையை அன்று காலை, கொதித்தாறிய நீரில் நனைத்த பஞ்சால், உள்ளிருந்து வெளியே துடைத்தால் போதும்.

உடுப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமை. முப்பது பாகைச் சூட்டிலும் இந்தப் புழுக்கத்திலும் நாய்க்குக் கோட்டும் தொப்பியும் தேவையா? பட்டு வேட்டி கட்டித்தான் தீர வேண்டும் என்றால் அந்த வாரத்திலேயே தினம் கொஞ்ச நேரம் கட்டிப் பழக்குங்கள். அன்று இயல்பான படங்கள் எல்லாம் எடுத்து முடிந்த பிறகு, கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் கட்டுங்கள். நெற்றியில் பொட்டு வைக்கலாம், கண்ணுக்கு எட்டாத உயரத்தில், சின்னதாக. பூமாலை போட்டால் நாயை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். மல்லிகையை விடுங்கள், அதைக் கட்டிய நூலை விழுங்கினால் குடலில் சிக்கும். கழுத்தில் மணி, பளபளக்கும் தகடு எல்லாம் கழற்றி வையுங்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்கு

பூனையை ஸ்டூடியோவுக்குக் கொண்டு போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. படமெடுப்பவர் வீட்டுக்கு வரட்டும், வந்து பதினைந்து நிமிடம் கமராவைத் திறக்காமல் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கட்டும். பூனை தானாக வந்து அவர் பையை மணக்கும். அவர் பூனையை நேரே பார்க்காமல், பார்வை பட்டால் கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் இன்னும் நல்லது.

அதற்கு முன்பே அறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அலுமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கடியில் என்று ஒளியும் இடங்களை அடைத்துவிட்டு, உயரமான ஓர் இடத்தையும் ஒரு வெறும் காட்போட் பெட்டியையும் வையுங்கள். இரண்டில் ஒன்றில் ஏறும். யன்னலில் வலை இல்லாத மேல்மாடி வீடு என்றால் அன்று யன்னலைப் பூட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பூச்சாடியில் லில்லி இருந்தால் அகற்றுங்கள், அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகும்.

விளையாட்டுப் பொருள் கடையில் தேட வேண்டியதில்லை. விளக்குமாற்றிலிருந்து நீளமான ஈர்க்கு ஒன்றை உருவுங்கள். நுனியில் ஒரு கோழி இறகை வைத்து நூலால் இறுக்கிக் கட்டுங்கள், தொங்கும் நூலை வெட்டிவிடுங்கள். ஈர்க்கு வளைந்து கொடுப்பதால் இறகு பறவை மாதிரித் துடிக்கும், படத்தில் ஈர்க்கு மெல்லிய கோடாகத்தான் தெரியும், அழிப்பது சுலபம். லென்ஸுக்கு ஒரு சாண் மேலே அதை ஆட்டினால் பூனையின் கண் நேரே வரும். ஆட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. ஆட்டி, நிறுத்தி, ஒளியுங்கள். நின்ற நொடியில்தான் அது உற்றுப் பார்க்கும். குப்பைமேனி வேரைக் கண்டால் பல பூனைகள் கிறங்கி உருளும் என்பது உண்மை, ஆனால் உருளும் பூனை வேடிக்கைப் படத்துக்குத்தான் ஆகும்.

வெளிச்சம் அதிகமானால் கண்மணி கீற்றாகச் சுருங்கிவிடும். யன்னல் ஓரத்து மிதமான வெளிச்சத்தில் அது பாதி விரிந்து, கண்ணின் நிறமும் தெரியும். பிளாஷை நேரே அடித்தால் விழித்திரைக்குப் பின்னாலுள்ள, ஒளியைப் பிரதிபலிக்கும் படலம் பச்சையாக மினுங்கும், நாய்க்கும் இதே கதிதான். மொத்தமாகப் பத்து நிமிடம். வாலை வெட்டி வெட்டி ஆட்டத் தொடங்கினாலோ, காது பக்கவாட்டில் தட்டையானாலோ அன்றைக்கு முடிந்தது.

பறவை வளர்ப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: கூட்டைத் திறக்குமுன் சீலிங் ஃபானை நிறுத்தி, கதவு யன்னலைச் சாத்துங்கள்.

படமெடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

போனில் எடுத்த சாதாரணப் படங்கள் சிலவற்றை அனுப்புங்கள். எந்தக் காது விழும், எந்தப் பக்கம் தழும்பு, தொப்பி போட்ட ஆண்களைக் கண்டால் குரைக்குமா, கடித்திருக்கிறதா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்தச் சொல்லுக்கு எது செய்யும் என்றும் எழுதிக் கொடுங்கள். கொழும்புத் தமிழ் வீட்டு நாய் உட்காருவதற்கு "சிட்" என்பதைக் கேட்கும், சாப்பாட்டுக்கு அம்மம்மாவின் "இந்தா" என்பதற்கு ஓடிவரும், காவலாளியிடம் சிங்களத்தில் பழகியிருக்கும். சிங்களப் படப்பிடிப்பாளர் தன் பாட்டில் ஒன்றைச் சொல்ல, நாய் விழித்துக்கொண்டு நிற்கும்.

எத்தனை படம், என்ன அளவு, பதிப்பு உரிமை யாரிடம், தன் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போடுவாரா, நாய் ஒத்துழைக்காவிட்டால் இன்னொரு நாள் தருவாரா என்பதையெல்லாம் பணம் கட்டுமுன் கேளுங்கள். "அசையாமல் பிடித்து வையுங்கள், நான் எடுத்துத் தருகிறேன்" என்கிறவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அன்று

ஓட்டோவோ காரோ அழைக்கும்போது நாய் வருகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் வந்தபின் மறுத்தால் வெயிலில் நிற்க வேண்டி வரும். பதினைந்து நிமிடம் முன்பே போய், கட்டடத்தைச் சுற்றி நடத்தி, சலம் மலம் முடித்து, துவாயை விரித்து, அறை முழுவதையும் மணக்க விடுங்கள். தண்ணீர்க் கோப்பை, சுருட்டிய துணி, கோழி, சீப்பு. அவ்வளவும் ஒரு பையில்.

நாயோடு ஒருவர் போதும். பிள்ளைகள் வந்தால் குடும்பப் படம் எடுக்கும் நேரத்தில் மட்டும் உள்ளே வரட்டும். அந்த ஒருவர் நிற்க வேண்டிய இடம் கமராவுக்குச் சரியாகப் பின்னால். பக்கத்தில் நின்று கூப்பிட்டால் எல்லாப் படத்திலும் நாய் வேறெங்கோ பார்க்கும். குழப்படி நாயின் கயிற்றைக் கழற்றவே வேண்டாம். மெல்லிய கயிறாகப் போட்டு, பக்கவாட்டில் இழுத்துப் பிடியுங்கள். நாயை அகற்றியபின் அதே இடத்தை வெறுமையாக ஒரு படம் எடுத்து வைத்தால், கயிறு வரும் பகுதியை அதைக் கொண்டு மறைத்துவிடலாம்.

தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, உதட்டை அடிக்கடி நக்குவது, கண்வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது, வாலை இடுக்குவது எல்லாம் "போதும்" என்பதற்கு அடையாளம். வெளியே கொண்டு போய் ஐந்து நிமிடம் நடத்திவிட்டு வாருங்கள். இருபது, முப்பது நிமிடத்துக்கு மேல் எந்த நாய்க்கும் பொறுமை இருக்காது. பக், ஷிட்சு மாதிரிச் சப்பை மூக்கு நாய்கள் சூட்டில் மூச்சுக்குத் திணறும். ஈறு கடும் சிவப்பாகி, தள்ளாடி, இரைப்பு நிற்காமல் போனால் நிழலுக்குத் தூக்கி, சாதாரணக் குளிர்ந்த தண்ணீரால் உடலை நனைத்து, விசிறி போட்டுக்கொண்டே மிருக வைத்தியரிடம் போங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

நீங்களே எடுப்பதானால்

வயிற்றில் படுத்துவிடுங்கள். நாயின் கண் மட்டத்துக்குக் கமரா இறங்கினாலே பாதி வேலை முடிந்தது. ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். பின்னணியை மங்கலாக்கும் ஆசையில் லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்தால் கண் தெளிவாகி மூக்கு கலங்கிவிடும், நீள மூக்கு நாய்க்கு எஃப் 4 அளவில் வையுங்கள். உட்கார்ந்த நாய்க்கு விநாடியில் 250இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம், ஓடுகிறதென்றால் 500க்கு மேல். அறை விளக்கின் கீழ் வேகமாக எடுக்கும்போது படங்களில் இருட்டுப் பட்டைகள் விழுந்தால் அது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 100இல் ஒரு பங்கில் எடுத்தால் போய்விடும். யன்னல் வெளிச்சத்துக்கு மாறுவது இன்னும் சுலபம்.

கறுப்பு நாய் படத்தை நிறைத்து நின்றால் கமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். வெள்ளை நாய்க்குக் கூட்டுங்கள். வெள்ளை நாயைப் புல்லில் நிறுத்தினால் வயிறு பச்சையடிக்கும், அதைவிடச் சீமெந்துத் தரை நல்லது. ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் ஆவி படியும். துடைத்துப் பயனில்லை, வெளியில் எடுக்கும் நாளில் கமராவைப் பையோடு அரை மணித்தியாலம் முன்பே வெளியே வையுங்கள்.

போனில் உருவப்பட (Portrait) முறையைப் போட்டால் மீசையும் காது ரோமமும் வெட்டுப்பட்டு வரும். அதை அணைத்துவிட்டு, பின்னணியிலிருந்து நாயைச் சில அடி முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

படங்கள் வந்ததும்

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள் அல்லது பென் டிரைவில் வாங்குங்கள். எட்டுக்குப் பத்து அங்குலத்தில் தெளிவாக அச்சிட 2400க்கு 3000 பிக்சல் இருந்தால் நல்லது. கறுப்பு நாயின் படம் திரையில் தெரிவதைவிடத் தாளில் இருண்டு விழும். பெரிதாகச் சட்டம் போடக் கொடுக்குமுன் சின்ன அளவில் ஒன்று அச்சடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காதும் கழுத்தும் ஒரே இருட்டாகத் தெரிந்தால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டித் தரச் சொல்லி, அதன் பிறகு பெரிய பிரதிக்குக் கொடுங்கள்.